எதுல தாஷி எடுத்தே?

"யாருட்டி அது, அம்மா?"

2023 அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. செண்டாய்ல இருந்து பாளையங்கோட்டைக்கு வீடியோ கால். நான் மாடியில உக்காந்து அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன், கீழருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிடுது. போனைக் கையில வச்சுக்கிட்டே "ஹாய், ஒகாசான்!"னு பதிலுக்குக் கத்தினேன். (இந்த 'ஹாய்' நம்ம ஹாய் இல்ல, 'சரிங்க'.) ஒகாசான்னா என்னன்னு அம்மா கேட்டா. கொஞ்சம் கூட யோசிக்காம "அம்மான்னு அர்த்தம்மா"ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அரை நிமிஷம் சத்தமே இல்ல. நெட்டு போயிருச்சோன்னு பாத்தா, இல்ல. அதுக்கப்புறம்தான் மேலே இருக்குற கேள்வி வந்துச்சு.

ஹாஸ்டல் வார்டனை ஆன்ட்டின்னு கூப்பிடுற மாதிரிம்மா, இங்க ஹோம்ஸ்டேல எல்லாருமே அப்படித்தான் கூப்பிடணும், கூப்பிடலைன்னா மரியாதை இல்லன்னு என்னென்னமோ சொல்லி சமாளிச்சேன். "அதுக்கென்ன, கூப்பிட்டுக்கோ"ன்னு சொன்னா. அந்த 'அதுக்கென்ன' இருக்கே, திருநெல்வேலிக்காரங்களுக்குத்தான் புரியும்.

சரி, கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்துறேன்.

டோக்கியோல இருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஷின்கான்சென்ல ஒன்றரை மணி நேரம். 2023 செப்டம்பர் கடைசியில இங்க ஆராய்ச்சி மாணவியா வந்தேன். விடுதியில இடம் கிடைக்க பத்து மாசம் ஆகும்னு சொல்லி, அதுவரைக்கும் ஒரு குடும்பத்தோட தங்க ஏற்பாடு. வீட்டுல மூணு பேர். ஒகாசான், ரிட்டயர் ஆன ஒதோசான் (அப்பா), 86 வயசுல ஒபாஆசான் (பாட்டி). இதுல 'பா'வைக் குறுக்கிச் சொன்னா பாட்டி அத்தை ஆயிருவாங்க. குறில் நெடில் படிச்ச தமிழச்சி நானே ஒகாசானோட தங்கச்சியை முதல் சந்திப்புலயே பாட்டின்னு கூப்பிட்டு வச்சேன். அவ்வ்வ்வ்.

என் பேருலயும் ஒரு சிக்கல். வீட்டுல கூப்பிடுற பேரு மீனா. 'சான்' சேர்த்து மீனாசான். ஜப்பானிய மொழியில 'மினாசான்'னா 'எல்லாரும்'. காது கொஞ்சம் மந்தமான பாட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். "மீனாசான், சாப்பாடு!"ன்னு ஒகாசான் கூப்பிட்டா முதல்ல வந்து உக்காந்திருக்கிறது பாட்டியாத்தான் இருக்கும் :-)

முதல் நாள் ராத்திரி கதையைச் சொல்லியே ஆகணும். விருந்தாளிக்கு முதல் மரியாதைன்னு என்னைத்தான் முதல்ல ஒஃபுரோவுக்கு அனுப்பினாங்க. தொட்டி நிறைய சுடுதண்ணி, மேல மூடி போட்டு வச்சிருக்கு. தொட்டிக்கு வெளிய உக்காந்து நல்லா சோப்பு போட்டு தேய்ச்சுக் குளிச்சுட்டு அப்புறம்தான் உள்ள இறங்கணும்னு படிச்சுட்டுத்தான் போயிருந்தேன், அதெல்லாம் சரியாச் செஞ்சேன். குளிச்சு முடிச்சதும், நல்ல பிள்ளையா, அடுத்தவங்களுக்குப் புதுத் தண்ணி வேணுமேன்னு அடைப்பைப் பிடுங்கி விட்டுட்டேன். அந்தத் தண்ணியிலதான் வீட்டுல எல்லாரும் வரிசையா இறங்குவாங்க. மறுநாள் காலையில மிச்சத்தை வாஷிங் மெஷினுக்கு எடுப்பாங்க. தண்ணி 'கொளகொள'ன்னு போற சத்தம் கேட்டு வெளிய மூணு பேரும் என்ன மூஞ்சி வச்சிருந்தாங்களோ தெரியாது. நான் வந்தப்போ மூணு பேரும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ஒதோசான் மட்டும் எழுந்து போய்ப் பேசாம திரும்பக் குழாயைத் திறந்தாரு.

டாய்லெட்டுக்குன்னு இருக்குற செருப்பைப் போட்டுக்கிட்டே ஹாலுக்கு வந்தது, வாசல்ல செருப்பைத் திருப்பி வைக்காதது, மட்க முடியாததை எல்லாம் பச்சைப் பையில போட்டது (பச்சை வீட்டுக் குப்பைக்கு, பிளாஸ்டிக்குக்கு சிவப்புப் பை)... இதெல்லாம் ஜப்பான் வந்த எல்லாரும் எழுதியாச்சு, நான் விட்டுடுறேன். சாப்பாட்டுக்கு வரேன்.

எங்க வீடு சைவம். சைவம்னா முட்டையும் கிடையாது. தெருவுல எங்கயாவது கருவாடு வறுத்தா ஆச்சி எழுந்து போய் ஜன்னலைச் சாத்துற வீடு. ஹோம்ஸ்டே படிவத்துல 'வெஜிடேரியன்'னு எழுதி, கீழே ரெண்டு கோடும் போட்டேன். ஒகாசான் அதைப் படிச்சுட்டு ஒரு நோட்டு போட்டாங்க. மாட்டு நாக்குக்குப் பேர் போன ஊரு இது. ஸ்டேஷன்ல இறங்கினா 'க்யூதான்' கடை வரிசையாவே இருக்கு. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு எனக்காக டோஃபுல எத்தனை வகை, பூசணிக்காய்ல எத்தனை வகைன்னு எழுதி எழுதிச் சமைச்சாங்க. ஒருநாள்கூட என் தட்டுல ஒரு துண்டு மீன் விழுந்தது இல்ல. அவங்க மீன் வறுக்கிற அன்னிக்கு என் தட்டை மேசையோட அந்தக் கோடிக்குத் தள்ளி வைப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மிசோ சூப். செண்டாய் மிசோ செக்கச்செவேல்னு, உப்பு தூக்கலா இருக்கும். டேட்டே மசமுனேன்னு இந்த ஊரை உண்டாக்குன பிரபு காலத்துலருந்து பேர் போனது. குளிர்காலத்துல இந்த ஊரு வீடுகள்ல படுக்கிற அறையில மூச்சு விட்டா புகையா வரும். எல்லாரும் கீழ மின்சார அடுப்பு வச்ச கொதாட்சு மேசைக்குள்ள காலை விட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். அந்த நேரத்துல ஒரு கிண்ணம் மிசோ சூப் உள்ள போனா, ரசத்துக்கு அண்ணன் தம்பி யாரோ இங்க வந்து குடியேறிட்டான்னு தோணும். அம்மாகிட்ட போன்ல நூறு தடவை சொல்லியிருப்பேன், "இங்க ஒரு ரசம் இருக்கும்மா"ன்னு. அம்மாவுக்கும் நிம்மதி. பிள்ளை பட்டினி கிடக்கல.

2024 பொங்கல் ஜனவரி 15, திங்கக்கிழமை வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒதோசான் என்னை ஒசாகி ஹச்சிமான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. 1607ல கட்டினது. ஜனவரி 14 அங்க 'தொந்தோசாய்'. வருஷப் பிறப்புக்கு வாசல்ல கட்டின வைக்கோல் தோரணம், பழைய தாயத்து, தருமா பொம்மை எல்லாத்தையும் மூட்டை மூட்டையாக் கொண்டு வந்து ஒரு பெரிய நெருப்புல போடுறாங்க. அந்த அனல்ல நின்னா வருஷம் பூரா நோய் அண்டாதாம். அந்தக் குளிர்ல வெறும் உடம்புல வெள்ளைத் துணி மட்டும் சுத்திக்கிட்டு, வாயில ஒரு தாளைக் கவ்விக்கிட்டு (பேசக் கூடாதுன்னு), கையில மணியும் விளக்குமா ஆளுங்க வரிசையா நடந்து வராங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அன்னிக்கு எங்க ஊர்ல போகி! "எங்க ஊர்லயும் இன்னிக்கு பழசை எரிப்போம்"னு சொன்னதும் ஒதோசானுக்கு ஒரே குஷி. சுசுமு ஓனோன்னு ஒரு மொழியறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுன்னு 1980கள்ல எழுதினவர், 2008ல காலமானார். அவரோட புத்தகம் அந்தக் காலத்துல இங்க நல்லாவே பேசப்பட்டிருக்கு. மொழியியல்காரங்க பெரும்பாலும் அதை ஏத்துக்கலைங்கறது வேற கதை. நெருப்பு முன்னாடி நிக்கிறப்ப அதையெல்லாம் சொல்லி அவரு சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்.

மறுநாள் நான் சமைக்கிறேன்னு சொல்லிட்டேன். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் இல்ல, ஒகினாவா கருப்புச் சர்க்கரை கிடைச்சுது. இந்த ஊரு அரிசி ஏற்கனவே ஒட்டும், பொங்கலுக்குன்னே செஞ்ச மாதிரி. பாட்டி எட்டிப் பாத்துட்டு, நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஜனவரி 15க்கு சிவப்புப் பயறு போட்டு கஞ்சி வைப்போம்னு சொன்னாங்க. பொங்கலோட திருநெல்வேலி சொதியும் வச்சேன். ஈழத்து மக்கா, உங்க சொதி வேற, எங்க சொதி வேற, சண்டைக்கு வராதீங்க. எங்களோடது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிறது. டப்பா தேங்காய்ப்பால், ஹலால் கடைப் பாசிப்பருப்பு, கேரட், உருளை, பீன்ஸ், இஞ்சியும் பச்சமிளகாயும் அரைச்சு விட்டு, இறக்கும்போது எலுமிச்சை. முருங்கைக்காய்க்கு எங்க போக.

ஒகாசான் ஒரு கரண்டி வாயில வச்சாங்க. கண்ணை மூடினாங்க. இன்னொரு கரண்டி. அப்புறம் சமையல்காரி சமையல்காரிகிட்ட கேக்குற மாதிரி கேட்டாங்க:

"எதுல தாஷி எடுத்தே?"

தாஷின்னா என்னன்னு கேட்டேன். அட, தினமும் மிசோ சூப்புல போடுறோமே அதுதான்னு சொல்லிட்டு எழுந்து போய் அலமாரியில இருந்து ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்தாங்க. தேயிலைப் பை மாதிரி சின்னச் சின்னப் பை. இதை அவங்க தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டு எடுக்கிறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஏதோ மூலிகைன்னு நினைச்சிருந்தேன். பையோட முதுகைத் திருப்பி விரல் வச்சுப் படிச்சுக் காட்டினாங்க. கட்சுஓபுஷி. நிபோஷி. கொம்பு. கடைசியில இருக்குறது கடல்பாசி. நடுவுல இருக்குறது காஞ்ச நெத்திலி மாதிரி ஒண்ணு. முதல்ல இருக்குறது... தூத்துக்குடி, கன்யாமரி, யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். சூரை மீனை வேகவச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைக்கிறது. சாட்சாத் நம்ம மாசிக்கருவாட்டோட ஜப்பான் தங்கச்சி.

செப்டம்பர் கடைசியில இருந்து ஜனவரி 15. ஒரு நாளைக்கு ஒண்ணு, சில நாள் ரெண்டு. கணக்குப் போட்டுப் பாத்தா நூறு கிண்ணத்துக்கு மேல. அதுபோக பூசணிக்காய், டோஃபு, வேர்க்காய்ப் பொரியல் எல்லாத்துலயும் அதே தண்ணி. நத்தோவோட வர்ற சின்ன சாஸ் பாக்கெட்ல கூட. பேருலயே மீனை வச்சிருக்கேன், வயித்துலயும் போயாச்சு.

அப்போ நான் ஒண்ணுமே சொல்லல. "எங்க ஊர்ல தாஷி எடுக்க மாட்டோம், தேங்காய்ப்பால்தான்"னு சொல்லிட்டு சிரிச்சேன்.

அவங்க என்னை ஏமாத்தல, அது எனக்கு அப்பவே தெரியும். அவங்க கணக்குல மீன்னா தட்டுல கிடக்குற மீன். தாஷி மீனே இல்ல, உப்பு மாதிரி, தண்ணி மாதிரி. இந்த நாட்டுல 675ல ஒரு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, அதுல மீன் வரல. 1872ல மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி சாப்பிட்டாருன்னு ஊரறியச் செய்தி வந்த வரைக்கும் ஜப்பான்காரங்க தங்களைக் கறி தின்னாதவங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க, மீன் சாறைக் குடிச்சுக்கிட்டே. 1908ல இகேதா கிகுனாயேங்கற வேதியியல் பேராசிரியர் கொம்புல இருந்து அந்த ருசியைப் பிரிச்செடுத்து 'உமாமி'ன்னு பேர் வச்சாரு. அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோன்னு கடைக்கு வந்துச்சு. 1913ல அவரோட மாணவர் கொதாமா கட்சுஓபுஷியில இருக்குற இன்னொரு பொருளைக் கண்டுபிடிச்சாரு. ரெண்டும் சேர்ந்தா ருசி பல மடங்கு ஏறும். எனக்கு 'ரசம்' பிடிச்சதுக்குக் காரணம் இவ்வளவுதான்.

மறுநாள்ல இருந்து கிண்ணத்தைத் தொடல. வயிறு சரியில்லன்னு சொன்னேன். ஒகாசான் பதறிப்போய், குழைஞ்ச கஞ்சி வச்சு நடுவுல ஊறுகா உமேபோஷி வச்சுக் கொடுத்தாங்க. அடுக்களையில அந்த டப்பா லேபிளைத் தேடிப் பாத்தேன். அதுலயும் கட்சுஓ. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா அழுகையா வருது, எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. சாப்பிட்டதுக்கா? இல்ல, சாப்பிட்டது நல்லா இருந்துச்சே, அதுக்கா?

அஞ்சாம் நாள், அடுக்களையில ஒகாசான் தனியா இருக்கும்போது போய்ச் சொல்லிட்டேன். கோர்த்து வச்சிருந்த மரியாதை வாக்கியம் எல்லாம் மறந்து போச்சு. "அந்த சூப்புல மீன் இருக்கு, எனக்கு அது கூடாது, முன்னாடியே கேட்டிருக்கணும், என் தப்பு"ன்னு உடைஞ்ச ஜப்பானிய மொழியில உளறினேன். அவங்க அடுப்பை அணைச்சாங்க. அந்த இடத்துலயே தரையில மண்டி போட்டு, கையை முன்னாடி வச்சு, தலையைக் குனிஞ்சாங்க. அறுபது வயசுக்காரங்க, எனக்கு! நானும் எதிர்ல உக்காந்து தலையைக் குனிஞ்சேன். ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னு தெரியல. பாட்டி அந்தப் பக்கமா வந்தவங்க, ஏதோ தொலைஞ்சு போச்சு போலன்னு நினைச்சு அவங்களும் தரையைப் பாக்க ஆரம்பிச்சாங்க.

அதுக்கப்புறம் மூணு நாள்தான் ரொம்ப மோசம். கோபமே இல்ல, அதுதான் கஷ்டம். வேகவச்ச உருளைக்கிழங்கு, உப்பு தூவின டோஃபு, வெறும் சோறு. ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி. எதைத் தொட்டாலும் தப்பாயிருமோன்னு பயந்து, அந்த நோட்டை எடுக்கிறதையே விட்டுட்டாங்க. 'மீனாசான்'ங்கிற குரல்கூட மெதுவாயிருச்சு. இதுக்குப் பேசாம குடிச்சிட்டே இருந்திருக்கலாமோன்னு தோணுச்சு.

அந்த மூணு நாளும் எனக்கு ஞாபகம் வந்தது வேற ஒண்ணு. காலேஜ்ல என் பக்கத்துல உக்கார்றவ, தூத்துக்குடிக்காரி. அவங்கம்மா மாசிச் சம்பல் வச்சுக் குடுத்து விடுவாங்க. முதல் வாரமே நான், "கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுதியா, எனக்கு வாடை ஒத்துக்காது"ன்னு சொன்னேன். அவ ஒண்ணுமே சொல்லல. மூணு வருஷமும் அந்தப் பக்கமே போய்ச் சாப்பிட்டா. எங்க வீட்டுல எனக்காக ஒகாசான் தட்டைத் தள்ளி வச்ச மாதிரி இல்ல அது. நான் ஆளையே தள்ளி வச்சேன். 'எங்க வீடு சைவம்'னு நான் சொல்ற தொனியில சாப்பாட்டு விஷயம் மட்டும் இல்லன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலாம் நாள் ராத்திரி, பாட்டி அடுக்களைக்கு வந்து ஒரு ஜாடியில தண்ணி ஊத்தி, கொம்பு ரெண்டு துண்டும், காஞ்ச ஷிடாகே காளான் நாலும் போட்டு மூடி வச்சாங்க. அவ்வளவுதான். காலையில அந்தத் தண்ணி தேன் நிறத்துல இருந்துச்சு. துக்கம் நடந்த வீட்டுலயும், பெரியவங்க திதி நாள்லயும் அந்தக் காலத்துல மீன் தொட மாட்டோம், இதுலதான் வைப்போம், இவளுக்கு (மருமகளுக்கு) ஞாபகம் இல்லன்னு சொன்னாங்க. புத்த கோயில் சமையலுக்கும் இதுதான் அடிப்படை. 2011 மார்ச் 11 பூகம்பத்துக்கப்புறம் வாரக்கணக்கா கேஸ் இல்லாம, மண்ணெண்ணெய் அடுப்புல ஒரே பானை வச்சு அக்கம்பக்கம் எல்லாருக்கும் சூப் வச்சப்போகூட இதுதானாம். அலமாரியில மிச்சம் இருந்தது கொம்பு மட்டும்தான்.

அன்னிக்கு ராத்திரி மேசையில நாலு கிண்ணம். நாலுலயும் ஒரே சூப். ருசி? உண்மையைச் சொன்னா பழைய ருசி இல்ல. ஒதோசான் ஒரு வாய் குடிச்சுட்டு "ம்ம், நல்லா இருக்கு"ன்னு சொல்லி, ஒகாசான் திரும்பின நேரம் பாத்து சட்டைப் பையில இருந்து ஒரு சின்னப் பாக்கெட் கட்சுஓபுஷியை எடுத்து தூவிக்கிட்டாரு. பாட்டி கண்ணாலயே என்கிட்ட 'சொல்லாதே'ன்னாங்க. ஒகாசான் திரும்பிப் பாக்காமலே "எனக்குத் தெரியும்"னு சொன்னாங்க. அந்த வாரத்துல எல்லாரும் சத்தமாச் சிரிச்சது அப்பத்தான். நோட்டு திரும்ப வெளிய வந்துச்சு.

தூத்துக்குடிக்காரிக்கு வாட்ஸப்ல முழுக்கதையும் எழுதினேன். அந்தப் பக்கம் போகச் சொன்னதையும் எழுதினேன். ரெண்டு நாள் பதில் இல்ல. நீலக் குறி மட்டும் விழுந்திருந்துச்சு. மூணாம் நாள் ஒரே வரி: "மாசியாட்டி தின்ன? எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு"ன்னு அனுப்பினேன். சிரிப்பு பொம்மை ஒண்ணு வந்துச்சு. அந்த இன்னொரு விஷயத்துக்கு அவ பதில் எழுதல, இன்னி வரைக்கும்.

அம்மாகிட்ட பிப்ரவரியில சொன்னேன். "தெரியாமத்தானே"ன்னா. "அந்தம்மா மனசு சங்கடப்பட்டுட்டாளா?"ன்னு கேட்டா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிராதட்டி." கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஒகாசானை ஒருநாள் போன்ல வரச் சொல்லு, பாக்கணும்"னு சொன்னா. வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவா இல்ல. பத்து நிமிஷம் மாத்தி மாத்திக் கும்பிட்டுக்கிட்டாங்க. நடுவுல ஒகாசான் தட்டுத்தடுமாறி 'சொதி'ன்னாங்க, அம்மாவுக்கு அதுக்கப்புறம் என்ன வேணும்.

2024 ஜூலையில விடுதிக்கு மாறினேன். கிளம்பும்போது ஒகாசான் கையில ஒரு கட்டு கொம்பு, ஒரு பை ஷிடாகே. இப்பவும் தீர்ந்தா தபால்ல வரும். விடுதி அடுப்புல சொதி வைக்கும்போது தேங்காய்ப்பால் ஊத்துறதுக்கு முன்னாடி அந்தத் தேன் நிறத் தண்ணியில ஒரு கரண்டி சேர்த்துக்கிறேன். நல்லாத்தான் இருக்கு. மீன் சாறு குடிச்சதை மன்னிச்சவ, மாப்பிள்ளை விருந்துச் சொதியில கடல்பாசித் தண்ணி ஊத்துறதைக் கேட்டா என்ன சொல்லுவாளோ, அதை இன்னும் அம்மாகிட்ட சொல்லல.